உப்பளக் களியில் போட்ட வேகத்தடை

இன்று காலை திண்டிவனம் ரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேருமிடத்தில் ஒரே தார் வாசனை. சந்திப்பை மறுபடியும் சீராக்குகிறார்களாம். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற எனக்கு, நண்பா, உன் ஞாபகம்தான் வந்தது.

நாமும் ஒருமுறை இதைச் சீராக்கக் கிளம்பினோமே! உப்பளத்து வேலைக்குப் போகிற பெண்கள் சாலையைக் கடக்க முடியாமல் தவித்தார்கள். வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்து அலுத்த பிறகு, "களி இருக்குது, காலு இருக்குது, அப்புறம் எவன்கிட்டடா கேக்கணும்?" என்றாய். உச்சி வெயிலில் உப்பளத்துக் களிமண்ணைக் கொட்டி, உப்புப் பாத்தி மிதிப்பது போலவே மிதித்து மேடாக்கினோம். சாயங்காலத்துக்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. பத்தாவது ஃபெயிலான நான் இடுப்பில் கைவைத்து இஞ்சினியர் தோரணையில் சுற்றி வந்தேன்.

உப்பு மண் ராத்திரிப் பனியைக் குடித்து வழுக்கும் என்பது அந்த மண்ணிலேயே காலம் தள்ளிய நம் இருவருக்கும் உறைக்கவில்லை. மறுநாள் காலை அதில் வழுக்கி விழுந்த முதல் ஆள் நானே. வண்டி ஒரு பக்கம், அனுமந்தையில் வாங்கிய மத்தி மீன் ரோடெல்லாம். தூக்கிவிட வந்த நீ, "ஏம்பா, வண்டி நிக்கணும்னுதானே போட்டோம்? நின்னுச்சா இல்லியா?" என்று கேட்டாய். பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு லாரியே நின்றுவிட்டது. போலீஸ் வருவதற்குள் உப்பு வாரும் பலகையால் சுரண்டி எடுத்தோம்.

பிறகு ஒருநாள் அதே இடத்தில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நடுவில் நின்றாய். பஸ்ஸை முந்தி வந்த கார் உனக்கு வழிவிடவில்லை.

அதன் பின் எல்லாம் வந்தது. தடுப்பு வந்தது, மஞ்சள் விளக்கு வந்தது, அளந்து பார்க்க ஆட்கள் வந்தார்கள். சாலை நடுவே இருந்த திறப்பை மூடிவிட்டதால் வண்டிகள் திரும்ப வெகுதூரம் போக வேண்டும். யார் போகிறார்கள்? எதிர்த்திசையிலேயே வருகிறார்கள். இப்போது இரண்டு பக்கமும் பார்த்தால் போதாது, நாலு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் மகள் பாண்டிச்சேரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பஸ் நிற்பது அந்தப் பக்கம். கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றால், "நீ வந்தா உன்னையும் சேத்து நான்தாம்பா பாத்துக்கணும்" என்கிறாள். வாஸ்தவம்தான். விழுந்து காட்டியவன் ஆயிற்றே நான்.

"வண்டியப் பாக்காத, டிரைவர் மூஞ்சியப் பாரு. அவன் உன்னப் பாத்துட்டான்னா நிறுத்திடுவான்" என்பாயே, அதையாவது அவளுக்குக் கொடுப்போம் என்று இன்று சொன்னேன்.

"மூஞ்சி எங்கப்பா தெரியுது? எல்லாம் கறுப்புக் கண்ணாடி" என்று சொல்லிவிட்டுச் சாலையில் இறங்கி நடந்தாள்.

உன்னிடமிருந்து கற்றது அது ஒன்றுதான். அவள் அந்தப் பக்கம் ஏறிக் கையாட்டும் வரை, வருகிற ஒவ்வொரு கண்ணாடியையும் நான் இங்கிருந்தே முறைத்துக்கொண்டு நின்றேன்.