அழிச்சது நான்தான்

ஏங்க,

போன் ஆப் வேண்டாம்னு சண்டை போட்டு நான் வாங்கின கிரிப்டோ வாலட், அதான் டிஜிட்டல் பணத்துக்கான அந்தக் குட்டிக் கருவி, மேசை மேல இருக்கு. உள்ள காலியா இருக்கும். பதறாதீங்க, திரும்ப எடுக்க முடியுதான்னு பார்க்க அழிச்சது நான்தான். பழகிப் பார்க்கப் போட்ட சில்லறைதான் அதுல இருந்தது. வாலட்டைத் திரும்ப மீட்கிற பன்னிரண்டு வார்த்தையை நான் எழுதின சீட்டு உங்க சட்டைப் பையில இருக்கு. அதைப் பார்த்து வரிசையா கருவியில போடுங்க, திரும்பி வந்துடும். வந்துட்டா, சாயங்காலம் நம்ம சேமிப்பையும் அதுலயே போட்டுடலாம்.

“என்னை நம்பவே மாட்டேங்கிற”ன்னு நேத்து சொன்னீங்களே. நம்பாமலா முழுச் சீட்டையும் உங்ககிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறேன்? அதைப் போட்டோ மட்டும் எடுத்துடாதீங்க, அந்த வார்த்தைங்க யார் கையில கிடைச்சாலும் பணம் அவங்களுக்குத்தான்.

முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு உக்காருங்க.

பி.கு.: படிச்சதும் இதைக் கிழிச்சிடுங்க. ஏழாவது வார்த்தை என் கிறுக்கல்ல புரியாது. கழுதைக்கு இங்கிலீஷ் வார்த்தை அது. நேத்து கோவத்துல எனக்கு வச்ச பேர்தான், மறந்திருக்க மாட்டீங்க.