நான்கு பக்கமும் அரை இஞ்ச்

மார்ச் 3

காலையில் கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்களாம். செப்டம்பர் முப்பதுக்குள் காலி செய்ய வேண்டும். பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருக்கும் இடம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை பெரிய கதவு இருக்க, ‘அவசரத் தையல் இல்லை’ என்று நான் எழுதி வைத்த அட்டையின் மேலேயே பசையைத் தடவியிருக்கிறான்.

காஜாக்காரி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அப்ப நாம எங்கக்கா உக்காருறது?” என்றாள். எட்டு வருடமாக என் கடையில் பித்தானுக்குக் காஜா எடுக்கிறாள்.

ஊர் எல்லையில் என் மனை இருக்கிறது. என் பெயரில், நான் தைத்து வாங்கியது. அங்கே கட்டுவோம் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

மார்ச் 5

அண்ணன் வந்தார். “பர்மிட்டு, பிளானுன்னு அலையுறதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? எழுதிக் குடுக்க ஆளுங்க இருக்காங்க. மனையை எம்பேருக்கு மாத்திடு, நானே பாத்துக்கறேன்.”

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிச்சல். என் பெயரில் உலகத்தில் இருப்பது அந்த மனை ஒன்றுதான். மாட்டேன் என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 9

இரண்டு பஸ் மாறி வட்டார அலுவலகம் போனேன். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஓர் இளைஞர். நிமிர்ந்து பார்க்காமலே படிவத்தை நீட்டினார். சுவரில் ஒரு தாள்: ஐந்நூறு சதுர அடிக்குள் கட்டுவதானால் உரிமையாளரே பிளான் வரையலாம்.

உரிமையாளரே! அந்த வரியை நின்று மூன்று தடவை படித்தேன். உடம்பைப் பார்த்து அளவு சொல்கிறவள் நான். நான்கு சுவரை வரைய முடியாதா?

மார்ச் 15

மனையை நானே அளந்தேன். என் டேப் அறுபது இஞ்ச், அதாவது ஐந்தடி. முட்டி போட்டு, சாக்கால் புள்ளி வைத்து, நகர்ந்து நகர்ந்து... நீளம் ஐம்பத்திரண்டடி, அகலம் இருபத்துநான்கு. பக்கத்து மனையில் கடை கட்டிக்கொண்டிருக்கும் சைக்கிள்காரர், “மண்ணுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்றார். ஆமாம், நீங்கள் பித்தான் வாங்கி வாருங்கள் என்றேன்.

மார்ச் 21

பிளான் முடிந்தது. பதினாறுக்கு முப்பது. மூன்று மிஷின் வரிசையாக, வெட்டும் மேஜை, பின்னால் எனக்கு ஓர் அறை. கோடு ஒவ்வொன்றும் கத்தரி போனது போல நேர். படிவத்தில் ஒரு கேள்வி: ‘நான்கு பக்கமும் விடப்பட்டுள்ள அளவு’. அட, நம் பாஷையிலேயே கேட்கிறார்களே என்று சந்தோஷமாகிவிட்டது. அரை இஞ்ச் என்று எழுதினேன். பிளானிலும் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு அரை இஞ்ச் விட்டேன்.

மார்ச் 23

எழுதவே கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஜன்னல்காரர் படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார். “நாலு பக்கமும் அரை இஞ்சாம்மா? பல்லி கூட நுழையாதே!” பின்னால் இருந்த நான்கு மேஜையும் சிரித்தது. அவர்கள் கேட்டது வேலிக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடமாம். சாலைப் பக்கம் பத்தடி, மற்ற மூன்று பக்கம் ஐந்தைந்து அடி. நான் எழுதியது தையலுக்கு விடுவது. வெட்டும்போது அளவுக்கு வெளியே அரை இஞ்ச் விட்டால்தானே தைத்த பிறகு அளவு நிற்கும்? வேறு எதை விடுவார்கள் என்று நான் கண்டேன்?

பஸ்ஸில் முகம் எரிந்தது. காஜாக்காரியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். அவளோடு சேர்ந்து நானும் சிரித்துத் தீர்த்தேன்.

மார்ச் 24

சிரிப்பெல்லாம் போய்விட்டது. கணக்கு உதைக்கிறது. இருபத்துநான்கில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து போனால் மிஞ்சுவது பதினான்கு. பதினாறடிக் கடை அதில் எப்படி நிற்கும்? அண்ணன் கேள்விப்பட்டிருக்கிறார். “இப்பவாவது ஆளை வெச்சு முடிச்சுடலாமா?” என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

மார்ச் 29

பிடித்துவிட்டேன்!

பழுப்புத் தாளில் ஓர் அடிக்கு ஓர் இஞ்ச் என்று மனையை வெட்டி மேஜையில் விரித்தேன். மிஷின், மேஜை, கட்டில், கதவு எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி அதன் மேல் நகர்த்தினேன். துணியில் அகலம் பத்தவில்லை என்றால் தையல்காரி என்ன செய்வாள்? துண்டுகளைத் திருப்பிப் போட்டு நீளத்தில் எடுப்பாள். இந்தப் புத்தி ஐந்து நாள் எங்கே போயிருந்தது? மிஷின்களை நீளவாக்கில் திருப்பினேன். பதினான்குக்கு முப்பத்துநான்கு. நானூற்று எழுபத்தாறு சதுர அடி. முன்னால் பத்தடி போகப் பின்னால் எட்டடி மிச்சம், அதில் துணி காயப் போடலாம். பழைய பிளானைவிட இதுவே நன்றாக இருக்கிறது. சத்தியமாக நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 6

கொடுத்துவிட்டேன். ஜன்னல்காரர் சிரிக்கவில்லை. “யாரு வரைஞ்சது?” என்றார். “படிவத்துல இருக்கே, பாருங்க தம்பி” என்றேன்.

ஏப்ரல் 27

இடம் பார்க்க அளவு அதிகாரி வந்தார். ஊரில் அவருக்குக் கறார் என்றுதான் பெயர். பெயர் வைத்தவர் வாழ்க. இரும்பு டேப்பால் மனையை ஒரு மணி நேரம் அளந்தார். ஐம்பத்திரண்டு, இருபத்துநான்கு. நான் முட்டி தேய அளந்ததில் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. அவர் எண்களை எழுதிக்கொண்டார். நான் மட்டும் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

மே 18

பர்மிட் வந்துவிட்டது! ஊதா முத்திரை. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். வரைந்தவர் என்ற இடத்திலும் என் பெயர். தொழில்: தையல். காஜாக்காரி அதைத் தொடுவதற்கு முன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

ஜூன் 11

மேஸ்திரியோடு சண்டை. வேலியிலிருந்து ஐந்தடியில் நூல் கட்டிச் சுவரைக் குறித்துக்கொண்டிருந்தார். அதன் மேல் பூச்சு எவ்வளவு வரும் என்று கேட்டேன். “அரை இஞ்ச் வரும்மா.”

எனக்குள் ஏதோ மணி அடித்தது. “அப்ப பூசினப்புறம் அஞ்சடி எங்க இருக்கும்? அரை இஞ்ச் உள்ள தள்ளிக் கட்டுங்க. நாலு பக்கமும்.”

“இது என்ன ஜாக்கெட்டா? அரை இஞ்ச்சை எவன்மா பாக்கப் போறான்?”

“நான் பாப்பேன்.”

தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நூலை நகர்த்தினார். கட்டிய செங்கல் அகலத்தில் பதின்மூன்றடி பதினோரு இஞ்ச்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தினமும் காலையில் போய் டேப் வைக்கிறேன். என்னைக் கண்டாலே சித்தாள்கள் ஒதுங்குகிறார்கள்.

ஜூலை 30

கூரை போட்டாயிற்று.

செப்டம்பர் 16

சைக்கிள்காரர் கடைக்கு, பிளான்படி கட்டி முடித்ததாகத் தரும் முடிவுச் சான்று கிடைக்கவில்லை. செங்கல்லைச் சரியாக ஐந்தடியில் நிறுத்திவிட்டார். பூச்சு அரை இஞ்ச்சைத் தின்றுவிட்டது. கறார் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாராம். சுற்றிலும் பூச்சைக் கொத்தி எடுக்கிறார் பாவம். சான்று இல்லையென்றால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் என் மிஷின் ஓடாது. பழைய கடைக்கு இன்னும் பதினான்கே நாள்.

என் அளவு சரி. எனக்குத் தெரியும். பூசிய பிறகும் பார்த்தேன், நேற்றும் பார்த்தேன். ஆனால் ஓரிடத்தில் கொத்தனார் கை கனமாக விழுந்திருந்தால்? நாளை மறுபடி பார்க்கிறேன்.

செப்டம்பர் 22

கறார் வந்தார். அண்ணனும் வந்து நின்றார், நான் கூப்பிடவில்லை. வலப்பக்கம் ஐந்தடி. இடப்பக்கம் ஐந்தடி. கறார் நம்பாமல் மூன்று இடத்தில் டேப்பை வைத்தார். மூன்றிலும் ஐந்தடி.

“பூச்சுக்கு அப்புறமும் அஞ்சடி நிக்குதே. பூச்சுக்கு விடணும்னு யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லல சார். தையலுக்கு விட்டது.”

என் டேப்பை எடுத்து வேலியிலிருந்து சுவர் வரைக்கும் பிடித்துக் காட்டினேன். ஒரு முனைப் பித்தளையிலிருந்து மறுமுனைப் பித்தளை வரை அச்சாக நின்றது. அவர் சிரிக்கவில்லை. குனிந்து அதை நன்றாகப் பார்த்தார். பிறகு அங்கேயே, முன்கூட்டியே கொண்டுவந்து போட்டிருந்த என் வெட்டும் மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் அண்ணன் மேஸ்திரியிடம், “பிளான் யாருன்னு நெனச்சீங்க? என் தங்கச்சி. அவளே போட்டது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்குத் தெரியாததா? தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தார், நல்ல மனுஷன். பெருமையாக இருந்தது, ரொம்பப் பெருமையாக இருந்தது. வேறெப்படி எழுதுவது?

செப்டம்பர் 29

மிஷின்கள் வந்து சேர்ந்தன. கரண்ட் மதியம் வந்தது. காஜாக்காரி முதல் மிதி மிதித்தாள்.

நவம்பர் 6

மதியம் வாசலில் ஜன்னல்காரர். கம்பிக்கு வெளியே அவரை இன்றுதான் பார்க்கிறேன்; ஆள் குள்ளம். கடையைச் சுற்றிப் பார்த்தார். என் பிளானை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம், வருகிறவர்களிடம் ‘இப்படி வரைஞ்சுட்டு வாங்க’ என்று அதைத்தான் காட்டுகிறார்களாம். கறார் சொல்லி ஒட்டியதாம். பிறகு கூச்சத்தோடு பையிலிருந்து ஒரு பேன்ட்டை எடுத்தார்.

“இடுப்புல ஒரு அரை இஞ்ச் பிரிச்சு விட்டுத் தாங்கக்கா. உக்காந்தா மூச்சு விட முடியல.”

பின்தையலைப் பிரித்தேன். தைத்தவன் உள்ளே ஒரு நூல் துணி விட்டிருக்கவில்லை.

“உள்ள ஒண்ணுமே விடலையே தம்பி.”

காஜாக்காரி காஜாவிலிருந்து தலையைத் தூக்காமல், “பல்லி கூட நுழையாது” என்றாள்.

அவர் முகம் சிவந்து, பிறகு அவரே முதலில் சிரித்தார். அதே நிறத்தில் துண்டு தேடி எடுத்து ஒட்டு வைத்தேன். இரண்டு பக்கமும் அரை இஞ்ச் உள்ளே விட்டுத் தைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார்.