மூன்றாவது கட்டம்

ஜனவரி 20, செவ்வாய்

இன்று மஞ்சுளாவைச் சோதனையிலிருந்து நீக்கினேன்.

கவரைப்பேட்டையிலிருந்து வருகிறவள். சோப்புத்தூள் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்ப்பதால் விரலெல்லாம் வெடிப்பு. எங்கள் லேபில் இரண்டு கிரீம்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். முன்கையில் மூன்று கட்டம் வரைந்து, டியூபுகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, இரண்டில் மட்டும் கட்டத்துக்கு ஒரு கிரீமாகத் தடவச் சொல்வோம். மூன்றாவதை வெறுமனே விட்டால்தான் மற்ற இரண்டும் எவ்வளவு ஈரம் காக்கின்றன என்று தெரியும்.

இன்று ஈரம் அளக்கும் மீட்டர் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டியது.

“இங்க ஏதாவது தடவினியாம்மா?”

“ஆமா மேடம். ரெண்டுக்கு ஊட்டிக்கினு இத்த மட்டும் பட்டினி போட்டா இன்னா நாயம்? அதான் ஒரு துளி வச்சேன்.”

“கூடாதுன்னு சொன்னேனே.”

“கிரீமு மிச்சமாவட்டும்னு சொன்னீங்கன்னு நெனச்சேன்.”

ஏன் கூடாது என்று நான் அப்போது சொல்லியிருக்கவில்லை. சம்மதப் படிவத்தில் இருந்தது; அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருக்கும்போதே, நீக்க வேண்டியிருக்கிறது, டியூப் இரண்டையும் கொடுத்துவிடு என்றேன்.

“வெரலுக்கும் அதுல ஒண்ணத்தான் போட்டுக்கினு இருந்தேன் மேடம். இப்பத்தான் மூடிக்கினு வருது. சோறு பெசஞ்சா எரியறதில்ல.”

“ரூல்ஸ்மா.”

மூடிகளை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். எடை போட்டேன், எழுதினேன், அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வருத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

திரும்பி வரும் டியூபுகளை யாரும் தொடுவதில்லை. மாதக் கடைசியில் குப்பைக்குத்தான் போகும். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.