ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே

அக்டோபர் 3, 2025, வெள்ளி

தீபாவளிச் செய்திகளைத் தொடங்கியாயிற்று. காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு. பட்டாசு வெடிக்க அனுமதித்த நேரம் இந்த ஆண்டும் அதேதான். பல ஆண்டுகளாகத் தேதியை மட்டும் மாற்றி இதே செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

மதியம் தம்பி முனிவேல் பேசினான். சூளகிரிப் பக்கம் எங்கள் நிலத்தில் அவன்தான் ராகி போட்டிருக்கிறான். கதிர் முற்றுகிறதாம். கர்நாடகக் காட்டிலிருந்து யானைகளும் வந்துவிட்டனவாம்.

"உனக்கு நியூசு வந்துருச்சுக்கா. எனக்கு விருந்தாளி வந்துட்டாங்கோ."

அக்டோபர் 7, செவ்வாய்

நெடுஞ்சாலையில் பட்டாசுக் கிடங்கு ஒன்று எரிந்ததிலிருந்து எங்கும் போலீஸ் சோதனை. இன்று முனிவேலின் மோட்டார் கொட்டகையிலும். யானை விரட்ட வைத்திருந்த வெடிப் பெட்டிகளை அள்ளிப் போய்விட்டார்கள். உரிமம் இல்லாமல் இருப்பு வைத்தது குற்றம், அடுத்த முறை வழக்கு என்று எச்சரிக்கை.

ஆய்வாளரிடம் பேசினேன். "ரூல் தெரியாதவங்களா மேடம் நீங்க?" என்றார். தெரியும்.

எங்கள் நிலம் இருக்கும் பள்ளத்தில் போன் சிக்னல் கிடையாது. யாருடைய ராகியில் யானை இறங்குகிறதோ அவர் சற்று இடைவெளி விட்டு மூன்று வெடி வைப்பார். சத்தம் கேட்டவர்கள் டார்ச்சும் தகர டின்னுமாக ஓடி வருவார்கள். யானைக்குச் சொல்வதும் அதுதான், ஊருக்குச் சொல்வதும் அதுதான். இப்போது இரண்டுக்கும் ஒன்றுமில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வனத்துறையே விவசாயிகளுக்கு வெடி கொடுப்பதுண்டு. வனச்சரகரைப் பார்த்தேன். "இன்னும் சப்ளை வரல மேடம். சோதனை நடக்கிறதால எல்லாம் நிக்குது." மனு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, வராது.

அக்டோபர் 14, செவ்வாய்

வனச்சரகர் அலுவலகத்துக்கு மறுபடியும் போனேன். கூட்டத்தில் இருக்கிறார்களாம். எல்லோருமா?

அக்டோபர் 17, வெள்ளி

தம்பி மனைவி மாதேஸ்வரி போனில் அழுதாள். கிழக்கு வயல் முழுக்கப் போய்விட்டது. "டின்னைத் தட்டிக்கினு நின்னாரு அண்ணி. அது ஒரு தரம் திரும்பிப் பாத்துட்டு மறுபடி திங்குது."

முனிவேல் போனை வாங்கினான். யாரோ நாட்டு வெடி தருகிறார்களாம். நான் கத்திவிட்டேன். ஜெயிலுக்குப் போகணுமாடா உனக்கு?

"அப்ப நீயே வந்து பரண்ல உக்காரு. உன் பேப்பரைப் படிச்சுக் காட்டு, ஆனை தூங்கிரும்."

சிரிப்பு வரவில்லை. அவனுக்கும் வந்திருக்காது.

அக்டோபர் 19, ஞாயிறு

ஓசூரில் உரிமம் பெற்ற கடையில் அணுகுண்டு வெடி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பண்டிகைக்கு வாங்கியது, ரசீது இருக்கிறது, யாரும் கேட்க முடியாது. நாளை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே மட்டும் வெடி, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்றேன். கண்காணிக்க ரோந்து போடுகிறார்கள் என்றும் சொன்னேன்.

"ஆனைக்கும் டயம் சொல்லிட்டியா?"

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

அக்டோபர் 20, திங்கள்

முனிவேல். கால் நசுங்கிவிட்டதாம். கிளம்புகிறேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

மருத்துவமனை வராந்தாவில் எழுதுகிறேன். நடந்தது வரிசையாக:

ஏழு மணி தாண்டிச் சற்று நேரத்தில் ஒற்றை யானை வயலில் இறங்கியிருக்கிறது. முனிவேல் மூன்று வெடி வைத்தான். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? ஊரே வெடித்துக்கொண்டிருந்தது. அனுமதித்த நேரம்.

பக்கத்து நிலத்துக் கங்கப்பன் தலையில் அடித்துக்கொள்கிறார். "கேட்டுச்சும்மா. மூணும் கேட்டுச்சு. எந்தப் பையனோ வெடிக்கிறான்னு கஜ்ஜாயம் தின்னுக்கினு இருந்தேன். இந்த வாய்தாம்மா."

ஆட்கள் வருகிறார்கள் என்ற நம்பிக்கையில் முனிவேல் பரணை விட்டு இறங்கியிருக்கிறான். யானை இடது காலை மிதித்துவிட்டது. ஊர்ந்து போய் வாய்க்கால் மதகுக்கு அடியில் புகுந்துகொண்டான். சட்டைப் பையில் ஒரு வெடி மிச்சம். உடனே வைக்கவில்லை. வைத்தாலும் பண்டிகைச் சத்தத்தோடு போய்விடும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஊர் ஓயட்டும் என்று காத்துக் கிடந்திருக்கிறான். நான் வாங்கிய சத்தியத்துக்காகவும் காத்திருந்தானா? கேட்கப் பயமாக இருக்கிறது.

இந்த ஆண்டு சோதனைக்குப் பயந்து எட்டு மணிக்கு ஊர் சுத்தமாக அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஒரு வெடி. யார் நேரத்தை மீறியது என்று பிடிக்கத்தான் ரோந்துக் காவலர்கள் பைக்கில் வந்தார்கள். இளம்பரிதி என்ற காவலர்தான் அவனை மதகுக்கு அடியிலிருந்து இழுத்து, தன் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். எனக்குப் போன் செய்ததும் அவர்தான்.

மருத்துவர் சொன்னது: "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்."

முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 22, புதன்

இளம்பரிதி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். பழங்களைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டுச் சொன்னார்: "வெடிச் சத்தம் கேட்டதுமே கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிட்டோம் மேடம். இப்ப கேட்கலன்னு எழுத முடியாது. கேஸ் போட்டாச்சு."

முனிவேல் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "போடுங்க சார். அந்தக் கேசுக்காகத்தான வந்தீங்க. இல்லாட்டி நான் அங்கயே கெடந்திருப்பேன்."

அக்டோபர் 24, வெள்ளி

அலுவலகத்தில் வழக்கம்போல் கேட்டார்கள், மாவட்டத்தில் நேரம் மீறி வெடித்தவர்கள் மீது எத்தனை வழக்கு என்று. காவல் நிலையம் வாரியாக வாங்கித் தொகுத்தேன். எங்கள் ஊர் எல்லைக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. "சட்டத்தை மதித்த கிராமம் என்று பெட்டிச் செய்தி போடலாமா?" என்று செய்தி ஆசிரியர் கேட்டார்.

எழுத மாட்டேன் என்றேன். முப்பது ஆண்டில் முதல்முறை.

நவம்பர் 28, வெள்ளி

விடுப்பில் ஊரில் இருக்கிறேன். முனிவேலின் வயலில் அறுக்க ஏதும் மிஞ்சவில்லை. கங்கப்பனின் ராகி மட்டும் இன்னும் நிற்கிறது.

காலையில் வனத்துறை ஜீப் வந்தது. மனு ஏற்கப்பட்டதாம். ஒரு பெட்டி வெடி. முனிவேல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டான்: "இதை எத்தனை மணிக்கு வெடிக்கணும் சார்?" பெட்டியை அப்படியே கங்கப்பனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டான்.

பொழுது இறங்கியபின் மாதேஸ்வரி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கங்கப்பன் நிலத்துப் பக்கம் ஒரு வெடி. இடைவெளி. இன்னொன்று. மூவரும் தட்டைப் பார்த்தபடியே இருந்தோம். மூன்றாவது.

"போயிட்டு வர்றேன்," என்றான் முனிவேல். எப்போதும் போலக் கட்டிலை விட்டு எழுந்தான். இடது காலைத்தான் முதலில் ஊன்றப் போனான்.