மச்சான், நவநாள் சீட்டுகளை இப்போது நான்தான் படிக்கிறேன்

என் அன்பு மச்சானுக்கு,

முக்கியமான செய்தியை முதல் வரியில் சொல்ல வேண்டும் என்பது என் தொழிலின் பழக்கம். சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை உன் தங்கை ஆக்னஸுக்கு இதயத்தில் ஆபரேஷன். ஒரு வால்வை மாற்றுகிறார்கள். நல்லபடியாக முடிய வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். முடியாமலும் போகலாம் என்று தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து உன்னை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். உன் தங்கையைக் கட்டிய பிறகும் அது மாறவில்லை. இப்போது ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறாய் என்பதற்காக 'நீங்கள்' போட எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்.

ஊர்ச் செய்தி கேட்பாய். நெல்லித்தோப்பில் நம் தெருவை மறுபடியும் தோண்டியிருக்கிறார்கள். போன தடவை மூடிய அதே ஆட்கள்தான் வந்து தோண்டினார்கள். சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னார்கள்.

இன்னொரு செய்தி உன்னைப் பற்றியது. புதன்கிழமை நவநாள் ஜெபத்தில், ஜனங்கள் மாதாவுக்கு எழுதிப் போடும் விண்ணப்பச் சீட்டுகளை மைக்கில் படிப்பாயே, அந்த வேலையை ஃபாதர் என்னிடம் கொடுத்துவிட்டார். "இத்தனை வருஷம் நிருபரா இருந்திருக்கீங்க, தமிழ் தடுக்காது" என்றார். தமிழ் தடுக்காது, சரி. உன் குரலுக்கு நான் எங்கே போவேன்? டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்று, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்களை "முசே, கொஞ்சம் உள்ள போங்க" என்று நகர்த்திய குரல் அது. நீ விண்ணப்பம் படித்தால் மாதாவே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார் என்று ஆக்னஸ் சொல்வாள்.

நான் என் வழக்கப்படி வேலை செய்தேன். அதாவது, சீட்டுகளை எடிட் செய்தேன். ஒரு பக்கம் எழுதியிருந்ததை ஒரு வரியாக்கினேன். பெயர்களை எடுத்தேன். பரீட்சைக்காக வந்த ஏழு சீட்டுகளைச் சேர்த்து, 'தேர்வு எழுதும் மாணவர்களுக்காக' என்று ஒரே மூச்சில் முடித்தேன். நவநாள் பத்து நிமிடம் முன்னதாக முடிகிறது என்று ஃபாதர்கூடப் பாராட்டினார்.

மூன்றாவது வாரம் மாட்டிக்கொண்டேன். குருசுக்குப்பத்திலிருந்து வருவாளே, மீன் விற்கும் லூர்து மேரி, அவள் கோவில் வாசலில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, சீட்டு படிக்கிறது நீங்கதான? என் சீட்ட ஏன் படிக்கல?"

"படிச்சேம்மா. 'வெளிநாட்டில் பணிபுரிவோரின் நலனுக்காக'ன்னு சொன்னேன்ல, அதுல நீயும் வந்துட்ட."

"அது என் புள்ளயா? என் புள்ள பேரு ஸ்டீபன். பஹ்ரைன்ல மீன்புடி போட்டுக்குப் போயிருக்கான். பன்னண்டு நாளா போன் இல்ல. எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேனே."

"அதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணே. தெரியாதுன்னா சொல்றேன்? நான் வாயத் தொறந்து சொல்லிட்டா அப்புறம் அது அவரு பாடு. நான் போயி என் மீன விப்பேன். நீங்க பேர எடுத்துட்டீங்க, அவன் இன்னும் என் தலமேலயே உக்காந்திருக்கான்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் என் செய்தியைக் குறை சொல்லியிருக்கிறார்கள். யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. அடுத்த புதன்கிழமை அவள் சீட்டை முழுதாகப் படித்தேன்: ஸ்டீபன், பஹ்ரைன், படகு, அவனுக்கு இருக்கும் வயிற்று வலி வரைக்கும். வெளியே வந்தால், சங்கரா மீன் இன்று காலை பிடித்ததுதான் என்று ஒருவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. பையனிடமிருந்து போன் வந்தது நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. முகம் தெளிந்தது புதன்கிழமை. நான் தேதிகளைக் குழப்புவதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தச் சமயத்தில் நான் இருந்த நிலை அப்படி. ஒரு டாக்டர் சொன்னதை இன்னொருவரிடம் உறுதி செய்தேன், அவர் சொன்னதை மூன்றாமவரிடம். என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்துவிட்டு மூன்றாமவர், "சார், நீங்க எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?" என்று கேட்டார். தினம் மூன்று வேளை ஆக்னஸின் கையில் பிரஷர் கருவியைச் சுற்றினேன். ஒரு நாள் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"என் பிரஷர் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு எடுங்க."

எடுத்தேன். அதை உனக்குச் சொல்லப் போவதில்லை.

"மூணு பேரும் ஒண்ணுதான சொன்னாங்க? நாலாவதா ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட ஒரு சீட்டு எழுதிப் போடுங்க" என்றாள்.

உட்கார்ந்து எழுதினேன். 'நெல்லித்தோப்பைச் சேர்ந்த ஆக்னஸ் என்பவர் இதய வால்வு கோளாறு காரணமாக அறுவை சிகிச்சைக்கு உட்படுத்தப்பட உள்ளார்.' அவள் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். "அடுத்த வரி என்ன, 'அன்னாரது நல்லடக்கம்'னு வருமா?" என்றாள்.

போன புதன்கிழமை வேறு சீட்டு எழுதிக்கொண்டு போனேன். கடைசியாகப் படித்தேன். 'என் மனைவி ஆக்னஸ். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். எனக்குப் பயமாக இருக்கிறது.' மூன்றே வாக்கியம். மூன்றாவதையும் வெட்டாமல் படித்தேன். பிறகு எல்லோரும் பதில் மன்றாட்டைச் சொன்னார்கள். லூர்து மேரியின் குரல் மட்டும் தனியாக, ஒரு நொடி முந்தி வந்தது.

எனக்கு எந்த ஒளியும் தெரியவில்லை. கேள்விகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானில்லை என்பது மட்டும் தெரிந்தது. மறுநாள் பதினோரு மணிக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதுதான், காலையில் பிரஷர் எடுக்க மறந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து போகவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

மச்சான், உனக்கு எப்போதும் இருந்தது இதுதானா? கடைசி மாதம் கட்டிலில் படுத்துக்கொண்டு நர்சுகளைக் கேலி பண்ணினாயே, அதைத் தைரியம் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தைரியம் கிடையாது. இருந்தும் எனக்கு இது எப்படி வந்தது? உன்னைக் கேட்காமல் விட்டேனே.

இதை எழுதும்போது ஆக்னஸ் அடுக்களையிலிருந்து யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். "நான் வந்தா வாசலுக்கு வந்து கூட்டிக்கச் சொல்லுங்க. வரலன்னா அண்ணன் கோவிச்சுக்க வேணாம்னு எழுதுங்க" என்றாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஆபரேஷன் அறையின் கதவு வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். அங்கே யாரையும் எதுவும் கேட்காமல் விடுவேன். அந்தக் கை அன்று சாயங்காலம் என்னிடம் திரும்ப வரலாம், உன்னிடமும் வரலாம். இரண்டில் எதுவானாலும் நடுவில் ஆண்டவர் பிடித்திருப்பார் என்று நம்பித்தான் விடுவேன். விட்டுவிட்டு, கீழே போய் ஒரு காபி குடிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கையின் வீட்டுக்காரன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
சவரி