உப்பு நிறைஞ்சிருக்கு

இன்றைக்கு எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு இல்லை. இப்படி எழுதும்போதே கை கூசுகிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் இந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதச் சொல்லியிருப்பாய்.

நடந்தது இதுதான். காலையில் என் மகள் கைபேசியில் மளிகைச் சாமான்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். "உப்பு இருக்காம்மா?" என்று கேட்டாள். ஜாடியைத் திறந்தேன். அடியில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது. கல்லுப்பின் அந்த வாடை மூக்கில் ஏறியது. "நிறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, சாமான் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று ரசத்தை இறக்கி வைத்தேன். பை வந்தது. பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் இருந்தது, உப்பைத் தவிர. நிறைந்திருக்கிறது என்று அம்மாவே சொன்ன பிறகு அவள் எதற்கு வாங்குவாள்? ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதே பார்வை நீ ஒரு தடவை என்னைப் பார்த்திருக்கிறாய்.

எண்பதுகளின் கடைசி அது. நான் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். உன் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடையும் பையும் விற்கிற கடை வைத்திருந்தார். உன் அடுப்படிக்கும் என் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். நீ தாளித்தால் நான் தும்முவேன். ஒரு நாள் சமையல் நேரத்தில் கையில் சின்னக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாய்.

"எங்க வீட்டுல உப்பு நிறைஞ்சிருக்கு மதினி," என்றாய்.

"நல்லது மதினி. பத்திரமா மூடி வைங்க, எலி வரும்," என்றேன் நான்.

செத்த நேரம் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு வெறும் கிண்ணத்தோடு திரும்பிப் போய்விட்டாய். அன்றைக்கு உன் வீட்டில் உப்பில்லாத ஆணத்தை ஊற்றித்தான் எல்லோரும் சோறு சாப்பிட்டீர்கள். மறுநாள் விஷயம் தெரிந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். "உப்பு இல்ல, கொஞ்சம் குடுங்கன்னு கேக்க வேண்டியதுதானே?" என்றேன். "அடுப்படியில நின்னுக்கிட்டு அந்தச் சொல்லச் சொல்லலாமா? சோத்துல பரக்கத்து இருக்குமா?" என்று நீ கேட்டாய். இல்லை என்கிற ஒரு சொல்லுக்காக வீடு முழுவதையும் பத்தியச் சாப்பாடு சாப்பிட வைத்தவள் நீ ஒருத்திதான்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? என் அப்பா ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர், கறுப்புச் சட்டைக்காரர். சகுனம், கண்ணேறு, நல்ல நேரம் எதுவும் எங்கள் வீட்டு வாசப்படி ஏறாது. அதனால் உன் அடுப்படியில் நடந்த கூத்தெல்லாம் எனக்குப் புதுசு. உலையில் அரிசி போடும்போது பிஸ்மி சொல்வாய். அந்தி சாய்ந்துவிட்டால் தயிர் கொடுக்க மாட்டாய். ஒரு நாள் கறிக் குழம்பு கொடுத்துவிட்டாய். மூடியின் மேல் ஒரு கரித்துண்டு இருந்தது. அடுப்பிலிருந்து விழுந்திருக்கும் என்று நான் தூக்கி எறிந்துவிட்டேன். "ஏட்டி, அது காவலுக்கு வச்சது!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினாய். அன்றோடு மதினி போய் ஏட்டி வந்தது.

உனக்கும் அப்படி ஒன்றும் தெரியாது என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். என்னைவிட ஒரு வருஷம் முன்னால் குடித்தனம் தொடங்கியவள், அவ்வளவுதான். பாதி விதிகள் அங்கங்கே காதில் விழுந்தவை. மீதியை அந்தந்த நேரத்தில் நீயே உண்டாக்கினாய். வாங்கி வைத்த மல்லித்தழை அன்றைக்கே வாடினால் வீட்டில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று ஒரு விதி போட்டாய். அன்று பார்த்து உன் வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு மேட்னி ஷோவுக்குப் போயிருந்தார். வாடின கட்டை அவர் முன்னால் நீட்டினாய், மனுஷன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் வாடின மல்லித்தழையைப் பார்த்தால் இன்றைக்கும் ஒரு கணம் யாரையோ சந்தேகப்படுகிறேன்.

நான் உண்டானதும் நீ என் அடுப்படியை முழுசாகக் கையில் எடுத்துக்கொண்டாய். காரணம் உனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி என் வீட்டுக்காரரிடம்கூட நான் வாய் திறந்து பேசியதில்லை, உன்னிடம்தான் அழுதேன். இந்தத் தடவையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே கிடையாது. நீ உப்பும் மிளகாய் வத்தலும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போடுவாய். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நம்பிக்கை இல்லைதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் இல்லை.

"நெடி வந்தா கண்ணு இல்லன்னு அர்த்தம். நெடி வரலைன்னா, இருந்த கண்ணு போயிட்டுன்னு அர்த்தம்," என்று விளக்கம் சொன்னாய்.

"எப்படிப் பாத்தாலும் நீதானட்டி ஜெயிக்கே," என்றேன்.

"பொறவு? தோக்கதுக்கா அடுப்ப மூட்டுதோம்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் வகையாக மாட்டிக்கொண்டோம். என் அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தார். உன் வீட்டுக்காரருடைய அண்ணனும் அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மார்க்க விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானவர். இரண்டு பேரும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதோ அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு வத்தலைப் போட்டோம். அது என்ன வத்தலோ, காம்பவுண்டு முழுக்க நெடி. இரண்டு பெரிய மனிதர்களும் இருமிக்கொண்டே எழுந்து வந்தார்கள். "இது மூடநம்பிக்கை" என்றார் என் அப்பா. "மார்க்கத்துல இதுக்கு இடமே கிடையாது" என்றார் அவர். அவர்கள் இருவரும் வாழ்க்கையில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் காதில், "எம்புட்டு நெடி பாத்தியா? கண்ணே இல்லட்டி" என்றாய்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு மத்தியானத்தில் நின்றுபோயிற்று. காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. வெல்லம் கரைத்துக் குடித்தேன், ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தார். நான் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, நம் வழக்கப்படி கரண்டியால் சுவரில் தட்டினேன். நீ அரைப்புக்கு வத்தல் கிள்ளிக்கொண்டிருந்தவள், போட்டது போட்டபடி ஓடி வந்தாய்.

"காலையிலேர்ந்து அசையலட்டி," என்றேன். "இதுவும் இல்ல..."

சொல்லி முடிக்க நீ விடவில்லை. என் வாயை அப்படியே உள்ளங்கையால் பொத்தினாய். வத்தல் கிள்ளிய கை. உதடெல்லாம் தீயாய் எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது காரத்தினாலா பயத்தினாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆட்டோவில் போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாய். "நிறைஞ்சிருக்குன்னு சொல்லு. சொல்லுட்டி." உப்பு தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு என்பவள் நீ. அந்தச் சொல்லுக்கு உன் அகராதியில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கறுப்புச் சட்டைக்காரரின் மகள் எரிகிற உதட்டால் அதைச் சொன்னாள். "நிறைஞ்சிருக்கு." மேடு பள்ளத்தில் ஆட்டோ தூக்கிப் போடும்போதெல்லாம் சொன்னேன்.

டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்துக் குனிந்து கேட்டார். அந்த நேரம் நீ மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். "நல்லாத் துடிக்குது. பயப்பட ஒண்ணுமில்ல," என்று நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதென்ன, உதடு ஏன் இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டார். "மொளகா, டாக்டர்," என்றாய் நீ. சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாய். அழ வேண்டிய நானே உன்னைத் தேற்றும்படி ஆயிற்று.

திரும்பி வரும்போதுதான் கேட்டேன், "இதையெல்லாம் நெசமாவே நம்புதியா?" என்று. நீ உன் கையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய்.

"எனக்கு என்ன தெரியும்? பயந்து வருதப்ப கையில ஏதாவது இருக்கணும்லட்டி. நம்ம கையில மொளகாதான் இருக்கு."

அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் அவர்கூட மறுத்துப் பேசியிருக்க மாட்டார்.

தொண்ணூறுகளில் நீங்கள் உன் பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கடையை மாற்றிக்கொண்டு போனீர்கள். அரை மணி நேரப் பஸ்தான். ஆனாலும் தட்டுவதற்குச் சுவர் இல்லாமல் போனது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் நான் கரண்டியால் தட்டியதும் வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் சொன்னார்கள். நான் வரும்போது நீ பால்கோவா வாங்கி வைத்திருப்பாய். என் மகளுக்குக் கொடுக்கும் முன் ஒரு துளி கிள்ளி எறிவாய். அது எந்தக் கண்ணுக்கு என்று நானும் கேட்டதில்லை. அவள் உன்னைச் சாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு உன் அடுப்படியிலேயே கிடப்பாள்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது நீ கட்டிலோடு இருந்தாய். கை வேப்பங்குச்சியாக இளைத்திருந்தது. உன் மருமகள் கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள், நீ தொடவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "உடம்புல தெம்பு இருக்காட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

நீ என்னை நேராகப் பார்த்தாய். "நிறைஞ்சிருக்கு," என்றாய்.

அழுதால் நீ ஏசுவாய் என்று தெரியும். அதனால் என்னிடம் இருந்த ஒரே பதிலைச் சொன்னேன். "நல்லது மதினி. பத்திரமா மூடி வைங்க, எலி வரும்."

சிரித்தாய். அந்த உடம்பில் அவ்வளவு சிரிப்பு எங்கே இருந்ததோ. சிரிப்பு இருமலாகி, இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, நெடி வந்துட்டு. கண்ணு இல்ல," என்றாய். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு.

இதை எழுத உட்கார்வதற்குச் சற்று முன் நான் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லாத ரசத்தை நினைத்து நினைத்துச் சிரித்தாள். ஆட்டோவில் என்னோடு வந்தவள் அவளும்தானே. சிரித்து ஓய்ந்ததும் அவள் முகம் மாறியது.

"சாச்சி இருந்தா எப்படிச் சிரிச்சிருப்பாங்க," என்றாள். "இப்ப அவங்க இல்..."

என் கை போய் அவள் வாயைப் பொத்திவிட்டது. யோசித்துச் செய்ததில்லை. அவள் 'ஸ்ஸ்' என்று உதட்டைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு என்னைப் பார்த்தாள்.

"அவ நிறைஞ்சிருக்கா," என்றேன்.