என் கையெழுத்தில் நாற்பத்து மூன்று படிவங்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று வந்த புகார்கள் பதினேழு. பதினாறு பேருக்கு ஒரே கேள்வி: செல்போன் இணைப்போடு இலவசமாகத் தந்த வீட்டு இணையத்தை எதற்கு நிறுத்துகிறீர்கள்? பதினேழாமவர் நேற்று குடையை மறந்துவிட்டுப் போனவர்.

பதில் கடிதம் தலைமை அலுவலகத்திலிருந்தே தயாராக வந்துவிட்டது. பெயரை மாற்றினால் போதும். “இச்சலுகை காலவரையறை குறிப்பிடாமல் வழங்கப்பட்டது, எனவே எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு.” முதல் தடவை படிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

முடிதிருத்தும் கடைக்காரர் வந்து கத்தினார். “குடுக்கும்போது பல்லைக் காட்டினீங்க, எடுக்கும்போது பேப்பரைக் காட்டுறீங்க!” சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “உங்க கோபம் எனக்குப் புரியுது சார்” என்றேன். கடிதத்தோடு வந்த குறிப்பில் இந்த வாக்கியமும் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

கணக்கு டீச்சர் என்று ஒரு அம்மாள். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனபின் வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து, நின்று நின்று ஏறி வந்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து பழைய விண்ணப்பப் படிவத்தின் மஞ்சள் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“காலவரையறை இல்லன்னு எழுதியிருக்கீங்களேம்மா. அப்போ இது என்னவாம்?”

‘காலம்’ என்ற கட்டத்துக்குள் நீல மையில்: வாடிக்கையாளராக இருக்கும் வரை.

“மேலிடத்துக்கு அனுப்புறேன் மேடம்” என்றேன். வேறு என்ன சொல்ல? அது என் கையெழுத்து.

மார்ச் 12, புதன்

ஒன்பது வருடம் முன்னால். புதிதாக வந்த கம்பெனி எங்கள் வாடிக்கையாளர்களை வாரிக்கொண்டு போன சமயம். நம்மோடு இருப்பவர்களுக்கு வீட்டு இணையம் இலவசம் என்று அறிவித்தார்கள். வாசல் வரைக்கும் கூட்டம். நான் அப்போது இரண்டாம் கவுண்டர்.

படிவத்தில் ‘காலம்’ என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விடச் சொல்லிச் சுற்றறிக்கை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது அதைத்தான் – எத்தனை நாளைக்கு? அன்றைய மேலாளரிடம் போய்க் கேட்டேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “இருக்கிற வரைக்கும்னு சொல்லும்மா” என்றார்.

சொல்லச் சொன்னார். எழுதச் சொல்லவில்லை. மற்ற கவுண்டர்களில் எல்லாரும் சொன்னார்கள். நான் எழுதினேன். காலிக் கட்டம் இருந்தால் எனக்குக் கை பரபரக்கும், வேறு காரணம் ஒன்றுமில்லை. நாலு நாள் எழுதியிருப்பேன். பிறகு புகார்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மார்ச் 19, புதன்

டீச்சர் சும்மா இருக்கவில்லை. தெருத் தெருவாக ஆள் விட்டு அதே எழுத்து உள்ள படிவங்களைத் திரட்டியிருக்கிறார். நாற்பத்து மூன்று. நுகர்வோர் மன்றத்தில் வழக்கு.

மார்ச் 28, வெள்ளி

தலைமை அலுவலக வக்கீல் வந்தார். என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. அந்த எழுத்து எங்கள் ஊழியர் எவருடையதும் அல்ல, வாடிக்கையாளர்களே பிற்பாடு எழுதிச் சேர்த்தது என்று புகார்ப் பிரிவுத் தலைவியாகிய நான் உறுதி கூற வேண்டும்.

மேலாளர் அந்தப் படிவங்களைப் பார்த்தார். மேசைமேல் திறந்து கிடந்த, நான் கையால் எழுதும் புகார்ப் பதிவேட்டைப் பார்த்தார். பதிவேட்டை மூடி வைத்தார்.

“திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க மேடம். மண்டல அலுவலகப் பதவி உயர்வுக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்.”

தெரிந்துதான் கேட்கிறார்.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர். எதையும் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“போடலைன்னா?”

“வேலை போகும்.”

“போட்டா?”

“அந்த நாப்பத்து மூணு பேரும் பொய்யா எழுதினவங்கன்னு ஆகும்.”

சட்டைப் பொத்தானைத் திருகினார். “இந்த வயசுல உன்னை யாரு வேலைக்கு எடுப்பா? கண்ணை மூடிட்டுப் போட்டுடு.” கெட்ட மனுஷர் இல்லை. பயம். எனக்கும்தான் பயம்.

மார்ச் 31, திங்கள்

போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பதில் கடிதங்களில் மட்டும் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறேன். டீச்சருக்குப் போக வேண்டிய கடிதம் முடிதிருத்துபவர் பெயரில் போயிருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

மன்றம். சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி பேச்சை விடச் சத்தம். நான் முன்வரிசையில், வக்கீல் பக்கத்தில்.

வக்கீல் டீச்சரிடம் கேட்டார்: “இதை நீங்களே வீட்டுல வச்சு எழுதலைன்னு என்ன நிச்சயம்?”

டீச்சர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். உட்கார்ந்தே பேசலாம் என்று நடுவர் சொன்னார், கேட்கவில்லை. “முப்பத்தாறு வருஷம் பிள்ளைங்க விடைத்தாள் திருத்தினேன் ஐயா. பாஸாக ஒரு மார்க் கொறையுதுன்னு அழுத பிள்ளைக்குக்கூட என் கையால ஒண்ணும் எழுதிச் சேர்த்ததில்ல. இந்த வயசுல, ஓசி இன்டர்நெட்டுக்காகவா கள்ளக் கையெழுத்து எழுதுவேன்?” அந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. பார்த்திருக்கலாமே! நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே! என்னத்துக்கு இப்படி நிக்கணும் அந்தம்மா, நான் பண்ணின வேலைக்கு?

நடுவர் என்னிடம் திரும்பி, “உங்க பிரமாணப் பத்திரத்துல இருக்கிறதெல்லாம் சரிதானே?” என்றார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஆமாம் என்றால் முடிந்திருக்கும்.

“இல்ல சார். அது என் எழுத்து. நாப்பத்து மூணும் நான்தான் எழுதினேன்.”

வக்கீல் வாய்தா கேட்டார்.

ஏப்ரல் 25, வெள்ளி

இப்போதைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் காலையிலிருந்து பேசவில்லை. சாயங்காலம் நான் வீட்டில் இருக்கும்போதே கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பழக்கம். நான் வீட்டில் இருக்கும் நேரம் அது இல்லையே. திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மே 6, செவ்வாய்

வேலைநீக்க ஆணை. குற்றம் ஒன்று: அதிகாரமின்றி வாடிக்கையாளருக்கு வாக்குறுதி எழுதிக் கொடுத்தது. குற்றம் இரண்டு: பொய்ப் பிரமாணம் அளித்து நிறுவனத்துக்கு அவப்பெயர் தேடித்தந்தது. இரண்டுமே உண்மை.

மே 23, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. நாற்பத்து மூன்று பேருக்கும் இணைப்பு தொடர வேண்டும், அவர்கள் வாடிக்கையாளராக இருக்கும் வரை. பொய்ப் பிரமாணத்துக்கு எனக்கு எச்சரிக்கை. கட்டம் காலியாக உள்ள மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. அவர்கள் ஆயிரத்துக்கு மேல்.

டீச்சர் போன் செய்தார். நன்றி சொல்லவில்லை, எனக்கும் வேண்டியிருக்கவில்லை. “முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு இந்த அசிங்கம் வந்திருக்காது” என்றார். “ஆமாம் டீச்சர்” என்றேன். “சரி, சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மே 30, வெள்ளி

கடைத்தெருவில் முடிதிருத்துபவரைப் பார்த்தேன். கையில் சீப்போடு கடைக்கு வெளியே வந்தார். அவருடைய இணைப்பைத் துண்டித்துவிட்டார்களாம்.

“அன்னிக்கு உங்க கவுண்டர்லதான் நின்னேன் மேடம். நீங்க எழுதி எழுதிக் குடுக்க நேரமாச்சா, பக்கத்து வரிசை வேகமாப் போகுதேன்னு அங்க மாறிட்டேன்.” கோபம் எதுவும் தெரியவில்லை. நான்தான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஊழியர் வீடு என்று எங்களுக்குக் கொடுத்திருந்த இணைப்பையும் வெட்டிவிட்டார்கள். மகளுக்குப் படிப்புக்கு வேண்டும். இந்தத் தெருவுக்கு வேறு கம்பெனியின் கம்பி வரவில்லை. ஆகவே அங்கேயே போய், டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துவிட்டு ஒரு ஃபைலைத் திறந்துகொண்டார்.

இரண்டாம் கவுண்டரில் புதுப் பெண். என்னைத் தெரியாது. இப்போது சேர்ந்தால் இருமடங்கு வேகம், கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை என்றாள்.

“எத்தனை நாளைக்கும்மா?”

“நீங்க இருக்கிற வரைக்கும் மேடம்.”

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். ‘காலம்’ என்று கட்டமே இல்லை. நான் தேடுவதை அவள் கவனித்திருக்கிறாள்.

“எழுதிக் குடுக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க மேடம். முன்னாடி யாரோ எழுதிக் குடுத்துப் பெரிய பிரச்சனையாம்.” பிறகு கண்ணாடி அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “உங்களுக்குச் சந்தேகமா இருந்தா ஓரத்துல எழுதித் தரட்டா?”

படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்துவிட்டாள்.

“வேண்டாம்மா” என்று படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.